வரப்பு நண்டு

வேதவல்லி வரப்புப் பொந்துக்குள் கையை விட்டு நண்டை வெளியே இழுத்தாள்.

"வரப்ப ஓட்டை போட்டு தண்ணியெல்லாம் வடிச்சிட்டு இன்னா மொறைப்பு உனக்கு?"

"அத்த அப்புறம் நசுக்கிக்க. மொதல்ல பயிரப் பாரு," என்றான் அவள் கணவன் தினகரன்.

பார்க்கத்தான் அவளுக்குப் பயம். போன பட்டத்தில் குலைநோய் விழுந்து நெல்லெல்லாம் பதரானது. இந்த முறையும் போனால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை. இந்த முறை இலையில் புள்ளி கண்டதுமே, பயிர் நோய் ஆராய்ச்சிக்காக வந்த பிரியங்கா ஏதோ தெளித்திருந்தாள். "தண்ணியாட்டம் கீது, இதுவா காப்பாத்தப் போவுது?" என்று தினகரன் அன்றே சிரித்தான்.

இன்று வயலில் இறங்கியிருந்த பிரியங்கா கதிர்களை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நோய் இலையோட நின்னுடுச்சு. கதிர் கழுத்துக்கு ஏறவே இல்ல. பொழைச்சிடுச்சு!"

வேதவல்லி மறு கையால் ஒரு கதிரைத் தடவிப் பார்த்தாள். "அப்டி இன்னா மருந்தும்மா அது?"

பிரியங்கா அவள் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"நண்டு ஓட்டுல இருந்து எடுக்கறது, அக்கா. கண்ணுக்கே தெரியாத துகளாக்கித் தெளிச்சோம்."

வேதவல்லி கையை விரித்தாள். குதிகாலால் எத்தனையோ தடவை நொறுக்கிய ஓடு. இத்தனை கதிரின் உயிரும் இதற்குள்ளா இருந்தது?

வாய்க்கால்வரை நடந்துபோய், நண்டைத் தண்ணீரில் மெல்ல இறக்கிவிட்டாள்.

"வரப்ப மட்டும் வுட்டுடு, தாயே!"