அட்டைப்படத்துச் சிறுமி

"செத்த பிள்ளையோட படத்தப் போட்டுத்தான் பாட்டு விக்கணுமாடா?"

ரொனால்டின் ராக் குழு தன் முதல் ஆல்பத்தின் அட்டையை வெளியிட்ட அன்றே திண்டுக்கல் கொதித்தது.

மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றில் கிடைத்த பழைய படம் அது. நாற்காலியில் ஓர் அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தோளில் சாய்ந்தபடி, கண்மூடிய ஒரு சிறுமி.

ரொனால்டு சிறுமியை வெட்டியெடுத்துவிட்டு அம்மாவை மட்டும் வைத்தான். ஊர் அடங்கியது. அவனுக்குத்தான் அடங்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவரொட்டியிலிருந்த அந்தக் கண்கள் கூடவே வந்தன.

ஒரு மதியம், ஒத்திகை அறைக்கு ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி வந்தாள்.

"ஏன் தம்பி என்னைய வெட்டுனீங்க?"

"உங்களையா?"

"அந்தப் பிள்ள நாந்தான். ஜோஸ்பின்."

ரொனால்டு அறைச் சுவரிலிருந்த சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தான். "செத்துப்போன பிள்ளன்னுல்ல எல்லாரும்..."

"அழுதழுது வீங்கி, கண்ணத் தொறக்க முடியல தம்பி. செத்தது எங்கம்மா. அடக்கத்துக்கு முன்னால ஒரு படம் வேணும்னு நாற்காலியில உக்கார வச்சாங்க. மூடுன கண்ணுக்கு மேல, ஸ்டுடியோக்காரர்தான் படத்துல கண்ணு வரஞ்சாரு."

ஜோஸ்பின் சுவரொட்டியைத் தடவினாள்.

"அம்மா சரிஞ்சுராம தாங்கிக்கன்னு என்னையப் பக்கத்துல நிறுத்துனாங்க. இப்ப யாரு தம்பி தாங்குவா?"