சேர்த்துவைத்த கம்பி

கனகவல்லி தன் ரேடியோவுக்காகச் செய்த சின்ன பவர் சப்ளைக்குள் இரண்டு சுருள்கள் இருந்தன. வீட்டு மின்சாரத்தைத் தாங்குபவள் அக்கா. ரேடியோவுக்கு ஊட்டுபவள் தங்கை. நடுவில் மூன்று சுற்று மஞ்சள் டேப் இருந்ததால் ஒருத்தியை ஒருத்தி தொட்டதே இல்லை.

பக்கத்தில் ஒரு முனை விடுபட்டு ஆடிக்கொண்டிருந்த கம்பிக்கு அது பொறுக்கவில்லை.

“கூடப் பொறந்தவளைத் தொடக்கூட மாட்டியாக்கா? என்ன மனசோ!”

“தொடாமலேதான் அவளுக்கு வேண்டியதெல்லாம் குடுக்கிறேன். நீ உன் வேலையைப் பாரு.”

“எல்லாம் வீம்பு. நான் சேர்த்துவைக்கிறேன், பாரு.”

“வேண்டாண்டா, என் உடம்புல ஓடுறது அவளுக்கு ஆகாது!” என்று அக்கா கத்துவதற்குள் கம்பி சாய்ந்து இருவர் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து கனகவல்லி ரேடியோவின் தகரப் பெட்டியைத் தொட்டாள். தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தாள். கம்பி பதறி விலகியது.

நல்லவேளை, எழுந்து உட்கார்ந்தாள். ஓடிவந்த கணவனிடம் வெந்த விரலைக் காட்டி, “என் கைதாங்க சரியில்லை. இனிமே இதையெல்லாம் தொடமாட்டேன்” என்றாள்.

யாராவது தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது கம்பிக்கு.