வாசல் காட்சி

பழைய ரத்தக்காட்டேரி நாவல் ஒன்றைப் படமாக்க அவள் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டார் “உள்ளே வாங்க” என்று கூப்பிடாமல் காட்டேரியால் வாசற்படி தாண்ட முடியாது என்பது கதையின் விதி.

“அந்த வாசல் சீன் ரொம்ப இழுக்குதும்மா. தூக்கிடுங்க, நேரா உள்ள வரட்டும்,” என்றார் இயக்குநர் போனில். ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தாள். இன்று மதியம் அரைமனதாக அந்தப் பக்கங்களை அழித்தாள்.

கூடத்தில் மகள் யாரிடமோ பேசும் குரல் கேட்டது. எழுந்து போனாள். கதவின் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. சோபாவில் மழைக்கோட்டு அணிந்த பெரியவர் ஒருவர் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“ரொம்ப வருஷமா வெளியிலயே நின்னுட்டிருந்தேம்மா,” என்றார் நன்றியோடு.

“இங்க வா கண்ணு,” என்று அவள் கை நீட்டினாள்.

மகள் அனுமதி கேட்பதுபோல் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள்.