கண்ணாடிப் பெட்டியில் இருந்த மட்டை

கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. நாற்பது வருடமாக வெல்ட்ரன் கல்லூரியை விட்டு நகராத வெற்றிச் சின்னமான, பந்தை ஏந்தி எறிய நுனியில் வலை கட்டிய மர லக்ராஸ் மட்டையைக் காணவில்லை.

"கிரான்ஸ்மோர் காலேஜ் பசங்க வேலைதான், கோச்!" என்று கத்தினார் இப்போதைய பயிற்சியாளர் கீகன். "ஜெயிச்சு எடுத்துட்டுப் போக வக்கில்ல. திருடிட்டானுங்க!"

"நான்தான் எடுத்தேன்," என்றார் ஓய்வுபெற்ற பழைய பயிற்சியாளர் ஆரின்.

"நீங்களா? எதுக்கு?"

"நேத்து ஆல்டனை அடக்கம் பண்ணாங்க."

ஆல்டன், கிரான்ஸ்மோரின் பழைய பயிற்சியாளர். ஆரினுடன் ஒருமுறைகூடக் கைகுலுக்காதவர்.

"அந்த ஆள் சாவுக்கா போனீங்க?"

"அவன் ஒனண்டாகாங்கிற அமெரிக்கப் பூர்வகுடி ஆளு. அவங்கள்ல ஆட்டக்காரன் செத்தா, அவன் மட்டையையும் கூடவே வச்சுப் புதைப்பாங்க. போய்ச் சேர்ந்ததும் அங்க ஆடணும்ல? அதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"அவரோட மட்டையை வைக்கட்டும். நம்ம ஜெயிச்ச மட்டை எதுக்கு?"

"அதுதான்ப்பா அவன் மட்டை. முதல் ஆட்டத்துல நாங்க ரெண்டு பேரும் எதிரெதிர் டீம் கேப்டன். தோத்தவன் தன் மட்டையைக் கொடுக்கணும்னு பந்தயம். அதை மீட்கத்தான் கோச்சாகியும் வருஷா வருஷம் மோதினான்."

கீகனின் குரல் தணிந்தது. "சனிக்கிழமை அவங்களோட ஆட்டம். வருவீங்கல்ல, கோச்?"

"யாரைப் பார்க்க?"

வீட்டுக்குத் திரும்பிய ஆரின், விளக்கைக்கூடப் போடாமல் அலமாரியிலிருந்து தன் பழைய மட்டையை எடுத்தார். தளர்ந்து போன வலையை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

"படுபாவி, இந்நேரம் பயிற்சியை ஆரம்பிச்சிருப்பான்," என்றார், யாருமில்லாத அந்த வீட்டில்.