ஏழு முதுகுகள்

குமிழைச் சுழியம் வரை திருப்பினாள்.

சத்தம் நிற்கவில்லை.

மேசைமேல் இருந்த, சத்தம் எழுப்பும் ஐந்து மின்பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். இரும்பை இரும்பு கடிக்கும் அந்த அலறல் அறையை நிரப்பிக்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தாள். ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய வயர் காலடியில் சுருண்டு கிடந்தது. ஆரம்பிக்கும் முன் ஒரு பெட்டியை இடம் மாற்றியபோது அவளே பிடுங்கியதுதான். திரும்பச் செருக மறந்திருக்கிறாள்.

அப்படியென்றால் கால் மணி நேரமாக அவள் எதையுமே வாசிக்கவில்லை.

எதிரே ஏழு முதுகுகள். ஒன்றுகூட அசையவில்லை.

கணபதி என்ற பகுதியில் பம்ப் பட்டறைகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த கூடம் அது. மாதம் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, இரைச்சல் இசைக்காரர்கள் அங்கே கூடுவார்கள். ராகம் இல்லை, தாளம் இல்லை. காது கூசும் சத்தம் மட்டும்தான். கேட்பவர்கள் வாசிப்பவரைப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார வேண்டும். கை தட்டக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் எழுந்து எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விடலாம்.

அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று கூட்டத்தை நடத்தும் நவநீதன் சொல்வான்.

அவள் எடுத்துக்கொண்டாள். முதல் தடவை அவள் வாசித்தபோது ஏழு பேரும் டீ குடித்தார்கள். இரண்டாம் தடவை ஐந்து பேர். மிச்சம் இரண்டு பேரில் ஒருவர் தூங்கிவிட்டார். அவ்வளவு இரைச்சலில் ஒரு மனிதரைத் தூங்க வைத்ததை நினைத்து அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இது மூன்றாவது தடவை. புதியவர்களுக்கு மூன்று வாய்ப்புதான்.

இன்றைக்கு ஆரம்பத்தில் சில நிமிடம் சத்தமே வரவில்லை. யாரும் பதறவில்லை. இந்தக் கூட்டத்தில் அதுவும் ஒரு பாணி. அப்புறம் அவள் ஒரு குமிழைத் திருப்பிய அதே நொடியில் அலறல் எழுந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அது கீச்சென்று உச்சிக்குப் போனது. தன் கைதான் என்று நம்பிவிட்டாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

சத்தம் வலப்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி.

காது மடல்வரை சுட்டது அவமானம். வயரைச் செருகிவிடலாமா என்று கை போனது.

போன கை பாதியில் நின்றது. கேட்கத் தொடங்கியிருந்தாள்.

சத்தம் ஓர் இடத்தில் தடுக்கியது. விட்டது. மறுபடி அதே இடத்துக்கு மெல்ல வந்து, இம்முறை தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி. மறுபடி அழுத்தம். அவள் ஆறு மாதமாக ஐந்து பெட்டிகளோடு மல்லுக்கட்டியும் வராத ஒன்று, அங்கே யாருக்கோ சும்மா வந்துகொண்டிருந்தது.

யார் இது?

பெரிய ஆளாக இருக்கும். இரண்டு மெஷின் இருக்கும். இல்லை, ஒன்றுதான், கை மாற்றுகிறார்கள். எதற்காக அந்த இடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?

பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது.

எழுந்தாள். அந்த மதியம் அந்தக் கூடத்தில் முதலில் எழுந்தவள் அவள்தான்.

பின்வாசல் வழியாகப் பத்தடி. பக்கத்துப் பட்டறையின் இரும்புக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒல்லியாக ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண் சட்டை. முகத்தைச் சுற்றி ஈரத்துண்டு. வார்ப்பிலிருந்து வந்த பம்ப் உறை ஒன்றைக் காலால் அழுத்திப் பிடித்து, கை மெஷினால் அதன் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உறையின் வளைவில் ஒரு கெட்டியான முண்டு. அங்கேதான் சத்தம் தடுக்கியது. அந்தப் பெண் விரலால் முண்டைத் தடவிப் பார்த்தாள், மறுபடி மெஷினை வைத்தாள், மறுபடி தடவினாள்.

கடைசியில் மெஷினை அணைத்தாள். நிமிர்ந்தபோதுதான் ஆள் நிற்பதைப் பார்த்தாள். காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"ஏனுங்க அம்மிணி, சத்தம் தொந்தரவாப் போச்சுங்களா? ஞாயித்துக்கெழம பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்கன்னு போட்டுட்டனுங்க."

பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் கை தட்டினார்.

இன்னொருவர். அப்புறம் எல்லோரும்.

கூட்டம் தொடங்கி மூன்று வருடமாக யாருக்கும் தட்டாத கைகள். அந்தக் கைதட்டல் தனக்கு வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. வெட்கமில்லாமல் வேண்டும் என்று இருந்தது. தட்டி முடித்துத்தான் திரும்புவார்கள். பத்தடிதான். ஓடினால் மேசைக்குப் பின்னால் போய் நின்றுவிடலாம்.

"அங்க யாருக்குங்க கை தட்டறாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவள் கூடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தானுங்க அக்கா."

"கேலி பண்ணாதீங்க அம்மிணி. இன்னும் நாலு உருப்படி கெடக்குது."

பஞ்சு காதுக்குள் போனது. மெஷின் எழுந்தது. கைதட்டல் சட்டென்று அடங்கியது.

இப்போது ஏழு பேரும் திரும்பியிருப்பார்கள். மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவள் அந்த இரும்புக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, வருகிறவர்களுக்கு உள்ளே தெரியும்படி, சுவரோடு ஒட்டும்வரை திறந்து வைத்தாள்.