வால் கயிறு

விசிறி சுழல்கிறது, இன்ஜின் அலறுகிறது, விமானம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

கேப்டன் இன்னும் முடுக்கினார். வால் ஒரு துள்ளு துள்ளியது, அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் தலையணை மேல் உட்கார்ந்திருந்த மகள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு இது முதல் பயணம்.

வேலியோரம் நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மெக்கானிக் வாலைக் காட்டிக் காட்டிக் குதித்தான்.

வால் கயிறு!

சின்ன விமானம் காற்றுக்குக் காகிதம் மாதிரி. அதனால் நிறுத்தும்போது இரண்டு இறக்கையையும் வாலையும் தரையில் பதித்த வளையங்களோடு கட்டிவைப்பார்கள். ஆனால் மூன்றையும் அவிழ்த்துவிட்டுத்தானே மகளுக்குத் தலையணை எடுக்கக் கொட்டகைக்குப் போனார்?

அப்போது இன்ஜின் இருமியது. ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

“கட்டுத்தறியோடவே பறக்கப் போறீங்களா கேப்டன்?” என்ற மெக்கானிக்கின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது.

வெட்கத்தில் அணைத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். அவர் அணைக்கவில்லை. கை தானாக இருக்கைகளின் நடுவே இருந்த, பெட்ரோலைத் திறந்து மூடும் திருகைத் தொட்டது.

மூடியிருந்தது.

நேற்று மூடியவர், இன்று திறக்கவில்லை.

மூடியிருந்தாலும் இன்ஜின் கிளம்பிவிடும். அதுதான் அதன் வஞ்சகம். குழாயில் தேங்கிய பெட்ரோல் கொஞ்ச நேரத்துக்குக் காணும். ஓடுபாதையில் ஓடும். தரையை விட்டு எழும்பும். மரங்களுக்கு மேலே போனதும் தீரும்.

இறங்கி வாலுக்குப் போனார்.

கயிற்றில் இருந்தது அவர் போடும் முடிச்சு இல்லை. இரண்டு சுருக்குக் காதுகளையும் மறுபடி ஒருமுறை பின்னி இறுக்கிய முடிச்சு. காலையில் மகளின் ஷூவில் விழுந்த அதே முடிச்சு. “சின்னப் பொண்ணுங்க அவ, இன்னொரு வருஷம் போகட்டுமே” என்று கெஞ்சிக்கொண்டே மனைவி போட்டது.

அவர் காதில் வாங்கவில்லை.

வேலியோரம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மனைவியைத் தவிர.

மெக்கானிக் உதவிக்கு வருவதற்குள் முடிச்சை அவசரமாக அவிழ்த்தார்.

“ஆமாப்பா, நான்தான் அவுக்க மறந்துட்டேன்!” என்று வேலி வரை கேட்கும்படி கத்தினார்.

மகளைத் தூக்கி இறக்கும்போதும் அந்தக் கயிறு அவர் கையிலேயே இருந்தது.