பந்தித் தாளம்

என் அக்கா மகள் பூவிழியின் கல்யாணத்தில் பந்தியைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. சமையல் கான்ட்ராக்டர் கனகசபை சுவரில் இருந்த கேமராவையும் ஸ்பீக்கரையும் காட்டினார்.

"கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுத் தாளம் அடிக்கும்ணே. நாற்காலிக்குப் பின்னாடி ஆள் சேரச் சேர அடி வேகமாகும். பந்தி தானா எந்திரிச்சிரும்."

தவில் மாதிரி ஏதோ ஒலித்தது. வரிசை முழுவதும் தாடைகள் ஒன்றாக ஏறி இறங்கின. அடி வேகமானதும் பிசையாத சோற்றையே வாயில் திணித்தார்கள். ரசம் முழங்கை வரை வழிந்தது. கறிவேப்பிலையைத் துப்பக்கூட நேரமில்லாமல் விழுங்கினார்கள். மாடுகூட இதைவிட மரியாதையாக அசைபோடும்.

கடைசிப் பந்தியில் மணமக்கள் உட்கார்ந்தார்கள். பூவிழி மாப்பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் குவிந்தார்கள். அந்தச் சனியன் அவர்களையும் பந்திக்குக் காத்திருப்பவர்கள் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டது. அடி வெறிபிடித்தது. முதல் கவளம் இறங்குவதற்குள் பூவிழி அடுத்ததைத் திணித்தாள். அதன்மேல் ஜாங்கிரியையும் அழுத்தினாள். மாப்பிள்ளைக்கு விழி பிதுங்கியது. கூட்டம் கைதட்டியது, அதே தாளத்தில்.

ஓடிப்போய் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

தாடைகள் அத்தனையும் அப்படியே நின்றன. வாய் நிறையச் சோற்றோடு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"மாமா, அவருக்கு முழுங்க வரல," என்றாள் பூவிழி, பருக்கைகள் சிந்த. "எனக்கும் வரல. அதைப் போட்டு விடுங்க."

வயர் அறுந்து கிடந்தது. கரண்டியை எடுத்துப் பாயச வாளியில் தட்டினேன்.

எல்லோரும் மென்றார்கள்.